சென்று வந்தோம்; கண்டு வந்தோமா?

ஆண்டுதோறும் கல்லூரிகளில் கல்விச் சுற்றுலாப் பேச்சு எழுகின்றது. பணம் திரட்டப்படுகின்றது, பேருந்து அமர்த்தப்படுகின்றது, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் நீள்கின்றது. அப்பட்டியலில் மாமல்லபுரம் பெரும்பாலும் இடம்பெற்றுவிடும். சென்று வந்தவரிடம் ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்டால், கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அருச்சுனன் தபசு என்று மூன்று பெயர்கள் விடையாக வரும். குன்றின் சரிவுகளில் உள்ள குடைவரைக் கோயில்களைப் பற்றிப் பேச்சே இராது. அவற்றுள் நுழைந்திருப்பர், வெயிலுக்கு ஒதுங்கியிருப்பர், கைப்பேசியில் படமும் எடுத்திருப்பர். ஆனால் கண்டிருக்கமாட்டார்கள். இக்குறையைப் பற்றி மாணவ நண்பர்களோடு சிறிது பேச விரும்புகின்றேன்.

குடைந்தெடுத்த கோயில்

குடைவரைக் கோயில் கட்டப்பட்டதன்று. பாறையிலிருந்து குடைந்து எடுக்கப்பட்டது. கட்டடத்தில் ஒரு கல் பழுதானால் அதை நீக்கி வேறொன்றை வைக்கலாம். குடைவரையில் ஒரு தூண் உடைந்தால் உடைந்ததுதான். ஒவ்வோர் உளி வீச்சும் திரும்பப் பெற முடியாத ஒன்று. கன்னட நாட்டு வாதாபியிலும் புகழ்மிக்க குகைக் கோயில்கள் உண்டு. அவற்றுள் மூன்றாம் குகை கி.பி. 578-ஐச் சேர்ந்தது என்பது அங்குள்ள கல்வெட்டால் தெரிகின்றது. ஆனால் அது மணற்பாறை. தொண்டை நாட்டுப் பாறையோ அதனினும் கடினமான கருங்கல். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கருங்கல்லைக் குடையத் துணிந்தவன் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன்.

விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்குள்ள குடைவரையின் வடமொழிக் கல்வெட்டு ஒரு வியப்பான செய்தியைக் கூறுகின்றது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. இவை எதுவுமின்றி நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இக்கோயிலை அமைத்தான் என்பதே அச்செய்தி. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர். எதையெல்லாம் பயன்படுத்தினேன் என்று பெருமை பேசும் அரசர் பலர். எதையெல்லாம் பயன்படுத்தவில்லை என்று பெருமை பேசியவன் இவன்!

அங்கே சென்றால் என்ன காணலாம்? முகப்பின் இரு புறத்தும் வாயிற்காவலர் இருவர். உள்ளே மூன்று வெற்றுக் கருவறைகள். கீழும் மேலும் சதுரமாகவும் நடுவே எட்டுப் பட்டையாகவும் அமைந்த தடித்த தூண்கள். அவ்வளவுதான். ஒன்றும் அறியாமல் வருபவர் ‘இங்கே ஒன்றுமில்லையே!’ என்று திரும்பிவிடுவார். கல்வெட்டின் பொருளை அறிந்து வருபவரோ, அத்தூண்களின் எளிமையிலே ஒரு பெருந்துணிவின் முதல் அடியைக் காண்பார். பாறை ஒன்றுதான், பார்ப்பவர் அறிவுதான் வேறு.

பாதியில் நின்ற பாடம்

மாமல்லபுரத்தில் வேலை முடியாமல் நின்றுபோன குகைகள் உண்டு. நாம் அவற்றை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. உண்மையில் அவையே சிறந்த வகுப்பறைகள். பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் வெட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, அச்சதுரங்களை உடைத்து எடுத்துக்கொண்டே உள்ளே சென்ற முறையை அங்கே கண்ணாரக் காணலாம். சிற்பியின் பெயர் நமக்குத் தெரியாது. அவன் கை வேலை செய்த வகை தெரிகின்றது.

வேலை முடிந்த குகைக்கு மகிடாசுரமர்த்தினி குகையைச் சொல்லலாம். வலப்பக்கச் சுவரில் சிங்கத்தின் மீதமர்ந்து எட்டுக் கைகளோடு போரிடும் கொற்றவை. அவளுக்கு எதிரே கதையேந்தியபடி பின்வாங்கிச் சாயும் எருமைத்தலை அசுரன். இடப்பக்கச் சுவரில் பாம்பணைமேல் துயிலும் திருமால். ஒரு புறம் போரின் வேகம். மறு புறம் துயிலின் அமைதி. நடுவே கருவறையில் உமையோடும் கந்தனோடும் அமர்ந்த சிவன். இம்மூன்றையும் ஒரே கூடத்தில் வைத்தவனின் உள்ளம் ஐந்து நிமிடத்தில் நமக்குப் பிடிபடுமா? குகை கிழக்கு நோக்கியது. காலை வெளிச்சத்தில் அரைமணி நேரமாவது நின்றால்தான் பிடிபடும்.

வழிபடுவோரும் பார்ப்போரும்

‘வழிபாடு நடக்கும் கோயில்களில் இக்குறை இல்லையே’ என்று சிலர் கூறக்கூடும். திருச்சி மலைக்கோட்டையைப் பாருங்கள். உச்சிப்பிள்ளையாரைக் காண நானூறுக்கும் மேற்பட்ட படிகளை நாள்தோறும் எத்தனையோ பேர் ஏறுகின்றனர். வழியிலேயே மகேந்திரனின் இலளிதாங்குரக் குடைவரை உள்ளது. கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனின் அழகிய சிற்பம் அங்கே இருக்கின்றது. காவிரியைப் புகழும் கல்வெட்டும் அருகிலுள்ள தூணில் உண்டு. எத்தனை பேர் நின்று பார்க்கின்றனர்? பக்தர் வணங்க விரைகின்றார். பயணி உச்சியிலிருந்து ஊரைப் பார்க்க விரைகின்றார். கல் மட்டும் காத்திருக்கின்றது.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. வழிபாடு இல்லாத குகைகளில் செருப்புக் காலோடு சிற்பத்தின் மீது ஏறுவதும், சுவரில் பெயரைக் கீறுவதும் சிலருக்கு விளையாட்டாகிவிட்டது. விளக்கு எரியாவிட்டாலும் அது இறைவனுக்கென்று குடைந்த இல்லம். நம்பாதவர்க்கும் அது முன்னோர் உழைப்பு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சிதைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகை செய்கின்றது. ஆயினும் சட்டம் வந்து கீறலை அழிக்குமா? வெட்டிய தூணைச் சிற்பியே மாற்ற முடியாதபோது, கீறிய சுவரை யார் மாற்ற முடியும்?

என்ன செய்யலாம்?

சுற்றுலா மகிழ்ச்சிக்குரியது, அங்கும் பாடமா என்று கேட்கும் நண்பர்களின் எண்ணம் எனக்குப் புரிகின்றது. ஆனால் புரியாமல் பார்ப்பதில் என்ன மகிழ்ச்சி? ஒரே நாளில் பத்து இடம் ஓடுவதை விட்டு, இரண்டே இடங்களில் நின்று பார்ப்போம். புறப்படுவதற்கு முந்திய வாரம் வரலாற்றுத் துறையினர் ஒரு மணி நேரம் விளக்கம் தரட்டும். ஒவ்வொருவரும் ஒரு தூணையோ ஒரு சிற்பத்தையோ தேர்ந்து, தொடாமல் நின்று, ஏட்டில் வரைந்து வரட்டும். வழிபாடு நடக்கும் இடத்தில் வணங்குவோர்க்கு வழிவிட்டு நிற்கப் பழகுவோம். மாமல்லபுரத்தோடு மண்டகப்பட்டையும், அதற்கு அணித்தே மகர தோரணத்தோடு விளங்கும் தளவானூரையும் பட்டியலில் சேர்ப்போம்.

செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் வேண்டாமென்றான் மகேந்திரன். அவன் குடைந்ததைக் காணச் செல்லும் நமக்கும் பெரும்பொருள் எதுவும் தேவையில்லை. சிறிது முன்னறிவும் சிறிது பொறுமையும் இருந்தால் போதும். அடுத்த சுற்றுலாவுக்குப் பட்டியல் போடும் தோழர்கள் இதை எண்ணிப் பார்ப்பார்களாக!