அட்டைக் கட்டணத்துக்கு ஒரு வரம்பு வேண்டும்

1958 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்குத் தபாலில் ஓர் அட்டை வந்தது. யாரும் விண்ணப்பிக்கவில்லை, பேங்க் ஆஃப் அமெரிக்கா தானாகவே அனுப்பிய ‘பேங்க்அமெரிக்கார்ட்’ அது. மக்கள் கையில் அட்டை இல்லாவிட்டால் கடைக்காரர் அதை ஏற்கமாட்டார். ஏற்கும் கடை இல்லாவிட்டால் மக்கள் அட்டை வாங்கமாட்டார்கள். இந்த முடிச்சை ஊர் முழுக்க அட்டையை இறைத்து அவிழ்த்தது வங்கி. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. 4 சதவீதக் கணக்குகளில்தான் பாக்கி நிற்கும் என்று போட்ட கணக்கு பொய்த்து, 22 சதவீதக் கணக்குகளில் பணம் வராமல் நின்றது. மோசடியும் மலிந்தது.

ஆனாலும் அட்டை பிழைத்துக்கொண்டது. 1970-இல் டீ ஹாக் என்பவரின் முயற்சியால் அது பல வங்கிகளுக்குப் பொதுவான அமைப்பானது. 1976-இல் ‘விசா’ என்று பெயர் மாறியது. 2008 மார்ச்சில் பங்குச்சந்தைக்கு வந்து 1,790 கோடி டாலர் திரட்டியது. அதுவரை அமெரிக்கா அவ்வளவு பெரிய பங்கு வெளியீட்டைக் கண்டதில்லை.

விசா யாருக்கும் கடன் கொடுப்பதில்லை, அட்டையும் வழங்குவதில்லை. அமெரிக்கக் கடையொன்றில் 100 டாலருக்குக் கடன் அட்டையைத் தேய்த்தால், கடைக்காரர் கைக்கு ஏறக்குறைய 98 டாலர்தான் வரும். பிடித்த தொகையில் பெரும்பங்கு அட்டை வழங்கிய வங்கிக்குப் போகிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்று விதிப்பது விசா. கோளாறு இங்கேதான். போட்டி வந்தால் விலை இறங்கும் என்பது சந்தை வழக்கம். ஆனால் விசாவும் மாஸ்டர்கார்டும் வங்கிகளைத் தம் பக்கம் இழுக்கப் போட்டி போடுகின்றன; எந்த அட்டையில் கூடுதல் பங்கு கிடைக்குமோ, வங்கி அதைத்தான் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும். ஆகவே போட்டி முற்ற முற்றக் கட்டணமும் ஏறுகிறது. கடைக்காரர் அதைப் பொருளின் விலையில் ஏற்றுகிறார். ரொக்கம் நீட்டும் ஏழை, அடுத்தவர் அட்டையில் சேரும் பரிசுப் புள்ளிகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். இது அநியாயம்.

சந்தை தானாகத் திருத்திக்கொள்ளாத இடத்தில் சட்டம் வந்தாக வேண்டும். வங்கிகளுக்குப் போகும் இந்தப் பங்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் டெபிட் அட்டைக்கு 0.2 சதவீதம், கடன் அட்டைக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. அதற்காக அங்கே யாரும் அட்டையைத் தூக்கி எறிந்துவிடவில்லை. டெபிட் அட்டைச் சந்தையில் ஏகபோகம் செலுத்துவதாகக் கூறி, அமெரிக்க நீதித்துறையே 2024 செப்டம்பரில் விசா மீது வழக்குத் தொடுத்தது.

இந்தியா பாதி தூரம் வந்திருக்கிறது. 2012-இல் ரூபே என்ற உள்நாட்டு அட்டை அமைப்பு வந்தது. 2018 முதல் டெபிட் அட்டைக்கு, சிறு கடைகளிடம் 0.40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதி அமலில் உள்ளது. 2020 முதல் ரூபே டெபிட் அட்டைக்கும் யுபிஐக்கும் கட்டணமே கிடையாது. கடன் அட்டைக்கு மட்டும் அப்படியொரு பொது வரம்பு இல்லை. “கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேரும்” என்று நம்மூர்க் கல்லாவில் இன்றும் சொல்கிறார்கள். ரிசர்வ் வங்கி அடுத்து கைவைக்க வேண்டிய இடம் இது. பூஜ்ஜியமாக்கத் தேவையில்லை, அட்டையை நடத்தும் வங்கிக்கும் செலவு உண்டு. ஐரோப்பாவைப் போல ஒரு வரம்பு போட்டால் போதும், அதுவும் சிறு கடைகளிலிருந்து தொடங்கி.