குற்றாலம் யாருடைய பெயர்?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையிலும், செங்கோட்டையை அடுத்த பிரானூரிலும் கடைப் பலகைகளில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒன்று "குற்றாலம்", மற்றொன்று "பார்டர்". முன்னது அருவியால் பெயர் பெற்றது. பின்னது சரித்திரம் தந்தது: 1956 நவம்பர் 1-ந் தேதி செங்கோட்டை தமிழகத்துடன் இணையும் வரை இங்கே ராஜ்ய எல்லை இருந்தது.

இந்தப் பெயர்களை யாரோ ஒருவர் தமது டிரேட் மார்க்காகப் பதிவு செய்துகொண்டு, மற்றவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் என்ன செய்வது? பயந்து பலகையைக் கழற்ற வேண்டியதில்லை என்கிறோம்.

1999-ம் வருஷச் சட்டத்தின் 31-வது பிரிவுப்படி, பதிவு என்பது முதல் நோக்கில் ஒரு சாட்சியம், அவ்வளவுதான். சரக்கு எந்த ஊருடையது என்பதை மட்டும் காட்டும் பெயரைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது 9-வது பிரிவு. பழைய சட்டத்தின் கீழேயே, 1977-ல், இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி சிகரெட்டுக்குக் கேட்ட "சிம்லா" என்ற பெயரைக் கல்கத்தா ஹைகோர்ட்டு மறுத்துவிட்டது.

பதிவு செல்லாதென்று தீர்ப்பானால் விளைவு என்ன? பெயர் ரிஜிஸ்தரிலிருந்து நீங்கும். ஏகபோக உரிமை போகும். அந்தப் பதிவை ஆதாரமாக வைத்துப் போட்ட வழக்குக்கும் நிற்க இடமிராது. அதன் பிறகும் "பதிவு பெற்றது" என்று போட்டுக்கொள்வது சட்டத்துக்கு விரோதம். ஆனால் ஒன்று: பிறர் கடையின் மேலுறையையும் தோற்றத்தையும் காப்பியடித்து ஜனங்களை ஏமாற்ற இது லைசென்ஸ் அல்ல. அதைத் தடுக்கும் உரிமையை 27-வது பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது.

காலதாமதம்தான் ஆபத்து. வழக்கு நடக்கும்போது பதிவே செல்லாதென்று வாதாடினால், ரத்து மனுப் போட கோர்ட்டு மூன்று மாதம் தரும். தக்க காரணமிருந்தால் நீட்டும். தவறவிட்டால் அந்த வாதத்தையே கைவிட்டதாகும் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மேலும், யாரும் எதிர்க்காமல் இருக்கும் காலத்தில் பெயர் அவருக்கே உரியதாக ஜனங்களிடம் பதிந்துவிட்டால், 32-வது பிரிவு அவரைக் காப்பாற்றும்!

பாதிக்கப்பட்ட எவரும் ரத்துக் கோரலாம். பதிவாளர் தாமாகவே நோட்டீஸ் கொடுத்தும் நீக்கலாம் என்கிறது 57-வது பிரிவு. அந்த அதிகாரத்தை ஊர்ப் பெயர்கள் விஷயத்தில் அவர் உபயோகிக்க வேண்டும் என்று கோருகிறோம். சென்னைக்கும் மதுரைக்கும் அலையப் பணமில்லாத பரோட்டாக் கடைக்காரர் தனியாக நின்றால் தோற்பார். வியாபாரிகள் சங்கமாகச் சேர்ந்து, செலவைப் பங்கிட்டு, நோட்டீஸ் வந்த உடனேயே எதிர்க்கட்டும். ஊர்ப் பெயர் ஊருக்கே சொந்தம்.