படம் முடிந்த இடத்தில் ஆரம்பித்த கதை

'மில்லியன் டாலர் ஆர்ம்' பார்த்திருக்கிறீர்களா? 2014 மே மாதம் வந்த டிஸ்னி படம். இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் என்பதால் அதற்காகவாவது சிலர் பார்த்திருப்பீர்கள். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத உத்தரப்பிரதேசத்துப் பையன்கள் இரண்டு பேர், பந்து எறியும் போட்டி ஒன்றில் தேறி, அமெரிக்கா போய், ஒரு பெரிய அணியோடு ஒப்பந்தம் போடுகிறார்கள். சுபம். விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

அந்தப் படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோது, அந்த இரண்டு பேரில் ஒருவரான நிஜ ரிங்கு சிங் முழங்கை ஆபரேஷன் முடிந்து, ஒரு மேட்சில்கூட பந்து போட முடியாமல் இருந்தார். (கொல்கத்தா அணிக்காக சிக்ஸர் அடிக்கிற ரிங்கு சிங் வேறு ஆள். குழப்பிக்கொள்ளாதீர்கள்.) இன்னொருவரான தினேஷ் படேலை அணி 2010 கடைசியிலேயே அனுப்பிவிட்டது.

எனக்கென்னவோ, படம் எங்கே முடிந்ததோ அங்கேதான் உண்மையான கதை ஆரம்பிக்கிறது என்று தோன்றுகிறது. அதை யாரும் படமாக எடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் கதைச் சுருக்கம். ரிங்கு பதோஹி மாவட்டத்துக்காரர். அப்பா லாரி டிரைவர், வீட்டில் ஒன்பது பிள்ளைகள். பள்ளியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர். அமெரிக்க ஏஜென்ட் ஜே.பி.பெர்ன்ஸ்டீன் நடத்திய போட்டிக்கு 37,000 பேருக்கு மேல் வந்தார்கள். 2008இல் அதில் முதலாவதாக வந்தவர் ரிங்கு. இடது கையால் மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர் வேகம். பரிசு ஒரு லட்சம் டாலர். அதே வருடம் நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியர்கள் இவர்கள்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் போட்டவுடன் டிவியில் வரும் பெரிய லீகில் ஆடிவிட முடியாது. அதற்குக் கீழே மைனர் லீக் என்று ஒரு நீண்ட ஏணி இருக்கிறது. ரூக்கி, ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். அந்தக் காலத்தில் கீழ்ப்படிகளில் சம்பளம் மாதத்துக்கு ஆயிரம் சொச்சம் டாலர்தான். அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். பஸ்ஸில் ஊர் ஊராகப் போக வேண்டும். மொத்தத்தில் பெரிய லீகைத் தொடுபவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ரிங்கு அந்த ஏணியில் ஏறினார். மெதுவாக, ஆனால் நிஜமாகவே ஏறினார். 2009 ஜூலையில் முதல் வெற்றி. 2012இல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்காக 72 இன்னிங்ஸ் போட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 3 ரன்தான் கொடுத்தார். 65 ஸ்ட்ரைக்அவுட். நாலு வருடத்துக்கு முன் இந்தப் பந்தைத் தொட்டே இராத ஒருவர், ஐந்து வயதிலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் பையன்களுக்கு எதிராக இதைச் செய்தார். விளம்பரத்துக்காக எடுத்தார்கள் என்று சிரித்தவர்களுக்கு இந்த எண்களே பதில்.

அப்புறம்தான் முழங்கை. 2013 சீசன் முழுக்கப் போச்சு. 2014ம் போச்சு. 2015ம் போச்சு. ஒரு பிட்ச்சர் முன்னேற வேண்டிய வயதில், 24இலிருந்து 27 வரை, சிகிச்சை அறையிலேயே கழிந்தது. 2018 ஜனவரியில் டபிள்யூ டபிள்யூ ஈ மல்யுத்தத்தில் சேர்ந்துவிட்டார். பேஸ்பால் கதை அங்கே முற்றுப்புள்ளி.

முழங்கையில் அப்படி என்னதான் ஆகிறது? மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் உள்பக்கமாகக் கட்டிவைத்திருக்கும் சின்ன நார் ஒன்று இருக்கிறது. கிரிக்கெட்டில் பௌலர் கையை நீட்டியபடி சுழற்றுகிறார். பேஸ்பாலில் கையை மடக்கி, சாட்டை மாதிரி சொடுக்க வேண்டும். ஒவ்வொரு சொடுக்கிலும் அந்த நார் இழுபடுகிறது. ஒருநாள் கிழிகிறது. 1974இல் டாமி ஜான் என்ற பிட்ச்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் இன்னொரு கையிலிருந்து தசைநார் எடுத்து அங்கே வைத்துத் தைத்தார். டாமி ஜான் திரும்பி வந்து இன்னும் 164 மேட்ச் ஜெயித்தார். ஆபரேஷனுக்கே அவர் பெயர் வைத்துவிட்டார்கள். ரிங்குவுக்கும் நடந்தது அதுதான். ஆனால் எல்லோரும் டாமி ஜான் ஆகிவிடுவதில்லை. தேற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வேறு ஏதாவது வலிக்க ஆரம்பிக்கும்.

இன்னொரு வேடிக்கை. இந்த நார் கிழிவதை மருத்துவ இதழில் முதலில் எழுதியது 1946இல். யாரைப் பற்றித் தெரியுமா? ஈட்டி எறிபவர்களைப் பற்றி! ரிங்கு ஒரு அபாயத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகவில்லை. அதே அபாயத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போனார்.

"பயிற்சி சரியில்லை, வயதான பிறகு கற்றுக்கொண்டார், அதனால்தான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக மார்க் பிரையர் என்று ஒரு பெயர். ரிங்குவுக்குப் பயிற்சி கொடுத்த அதே டாம் ஹவுஸிடம் பழகியவர். சின்ன வயதிலிருந்தே ஆடியவர். இவர் எறியும் முறையைப் பார்த்து, குறையே சொல்ல முடியாது என்றார்கள். 2001இல் சிகாகோ கப்ஸ் அவரை இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2003இல் 18 வெற்றி, 245 ஸ்ட்ரைக்அவுட். அந்த செப்டம்பரில் ஆறு மேட்சில் ஐந்தில் 120 பந்துக்கு மேல் போடவைத்தார்கள். பிறகு குதிகால், முழங்கை, தோள் என்று ஒன்றன்பின் ஒன்றாக. பெரிய லீகில் கடைசி மேட்ச் 2006 ஆகஸ்டில், 25 வயதில். அதன்பின் 2013 வரை திரும்பி வரப் போராடிப் பார்த்துவிட்டு ஓய்வு. குறையில்லாத கையே இப்படியென்றால், பயிற்சியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

என் கருத்து இதுதான். இந்த விளையாட்டு வேகத்தை விலைக்கு வாங்குகிறது, அதன் செலவை மட்டும் பையனின் கையில் எழுதிவிடுகிறது. போட்டியில் பந்து கட்டத்துக்குள் விழ வேண்டும் என்று விதி இருந்தது உண்மைதான். ஆனால் ரிங்குவைத் தேர்ந்தெடுத்தது வேகமானியில் தெரிந்த எண். அந்தக் கை எத்தனை வருடம் தாங்கும் என்று அளக்க எந்தக் கருவியும் அங்கே இல்லை. அவர் கை வேகத்தால்தான் போனது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் மேஜர் லீக் பேஸ்பாலே 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, பிட்ச்சர்களின் காயங்கள் பெருகியதற்கு வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதும் முக்கியக் காரணம் என்கிறது. தெரிந்துதான் செய்கிறார்கள்.

அணிக்கு என்ன நஷ்டம்? ஒரு கை போனால் அடுத்த கை. வரிசையில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். பையனுக்கு இருப்பதோ ஒரே ஒரு கை. கீழ்ப்படியில் இருப்பவர்களின் சம்பளத்தைப் பேச 2023 வரை ஒரு யூனியன் ஒப்பந்தம்கூட இல்லை.

ரிங்குவைத் தோற்றவர் என்று எழுதுகிறார்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அடிவாங்கி வெளியேறினால் அது தோல்வி. அவர் வெளியேறும்போது எண்கள் ஏறுமுகத்தில் இருந்தன. கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருக்கும்போதே தாளைப் பிடுங்கிவிட்டு ஃபெயில் என்று போடுவது என்ன நியாயம்?

அடுத்த முறை எங்கேயாவது "கிராமத்து இளைஞருக்கு வெளிநாட்டு அணியில் ஒப்பந்தம்" என்று செய்தி வரும். சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. கூடவே ஒரே ஒரு கேள்வியும் கேளுங்கள்: அந்தக் கை உடைந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்?