பனங்காடையை விரட்டலாமா?

கேள்வி: ''நிலக்கடலை வயலில் ஒரு பறவை அடிக்கடி தரையில் இறங்குகிறது. உட்கார்ந்தால் பழுப்பாகவும், பறந்தால் பளிச்சென்று நீலமாகவும் தெரிகிறது. கடலையைத் தின்னுமா? விரட்ட வேண்டுமா?''

- வாசகர், விருதுநகர் மாவட்டம்.

பதில்: அது பனங்காடை. கடலையைத் தொடாது. மின்கம்பியிலோ பட்டமரத்திலோ அசையாமல் உட்கார்ந்திருக்கும். தரையில் வெட்டுக்கிளி, வண்டு, புழு நகர்ந்தால் பாய்ந்து பிடிக்கும். எனவே, விரட்ட வேண்டாம். உட்கார இடம் கொடுங்கள். ஏக்கருக்கு 20 இடங்களில், பயிருக்கு மேலே தெரியும்படி 'டி' வடிவக் குச்சிகளை நடலாம். கோடையில் மொட்டைப் பனை போன்ற மரங்களின் பொந்தில் இது முட்டையிடும். 'தலை போன பனைதானே' என்று வெட்டிவிட்டால், அடுத்த ஆண்டு பறவை வராமல் போகலாம். மருந்தடிக்கும் முன்பு வயலில் இறங்கி, புழுக்களை எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். பனங்காடையும் தன் பங்குக்கு வேலை செய்திருக்கும்.