ஆளில்லாத மதுரை

மதுரை புதுமண்டபத்தின் தென்புற நடையைக் காட்டும் புகைப்படம் ஒன்று உண்டு. 1858-ல் எடுத்தது. சிற்பத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஓர் ஆள்கூட இல்லை. மதுரைக்காரர்களுக்கு இது திகைப்பைத் தரும். நமக்குத் தெரிந்த புதுமண்டபம், அண்மையில் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறும்வரை, தையல் மெஷின் சத்தமும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கட்டுகளுமாக நெரிசல் மிகுந்தது.

படத்தை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். ராணுவ அதிகாரியான இந்த ஆங்கிலேயர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகவும் இருந்தார். திருமலை நாயக்கர் மகால் 1866-72-ல் நேப்பியர் பிரபு காலத்தில் சீரமைக்கப்படுவதற்கு முன் சிதைந்து கிடந்த கோலத்தை இன்று நாம் பார்க்க முடிவது அவரால்தான். அந்த நன்றிக்கடனை மறக்கக் கூடாது.

ஆனால், அவர் தேடி வந்தது கட்டடங்களை. அன்றைய காகித நெகட்டிவில் காட்சி பதிய நெடுநேரம் ஆகும். நடந்து போகிறவர் அதில் விழமாட்டார். ஊரின் கல் பதிந்தது, சனம் பதியவில்லை. அந்தப் படங்களையே மதுரையின் பழைய முகம் என்று ஏற்றுக்கொண்டால், அங்கே உழைத்து வாழ்ந்தவர்களை நாமே மறந்தவர்களாவோம்.

எனவே இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் நூலகம் போன்ற இடங்களில் உள்ள டிரைப் படங்களின் தரமான பிரதிகளை அரசு பெற்று, அவை எடுக்கப்பட்ட இடங்களிலேயே தமிழ் விளக்கத்துடன் வைக்க வேண்டும். இணையத்தில்தான் இருக்கிறதே என்பது பதிலாகாது. மகாலுக்கு வரும் பள்ளிப் பிள்ளை, அந்தத் தூணருகில் நின்றபடியே அதன் பழைய கோலத்தைப் பார்க்க வேண்டும்.

இதைவிட அவசரமானது இரண்டாவது. டிஜிட்டல் வந்தபின் மூடிய ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்கள் தகரப் பெட்டிகளில் பூஞ்சை பிடிக்கின்றன. சித்திரைத் திருவிழாவுக்கு வந்த இடத்தில் குடும்பத்தோடு எடுத்துக்கொண்ட படங்கள் பரணில் கிடக்கின்றன. டிரைப்பின் படங்களில் இல்லாத சனங்கள் இவற்றில்தான் இருக்கிறார்கள். 2023-ல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இதற்கென ஒரு பிரிவு தொடங்கலாம். படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு, எந்த வருடம் என்று எழுதிக்கொண்டு, உரியவரிடமே மூலத்தைத் திருப்பித் தரலாம். அந்த விவரங்களைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே இது தொடங்கப்பட வேண்டும்.