பந்தயக் காரோட்டியின் சம்பளம்: கொடுப்பவர் யார்?

சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் தியத்தலாவை பொக்ஸ் ஹில்லிலும் நுவரெலியா மஹகஸ்தொட்டவிலும் பந்தயம் நடந்தால் ஊவா இளைஞர்களின் பேச்செல்லாம் காரும் மோட்டார் சைக்கிளும்தான். பதுளை, பண்டாரவளைக் கடைத்தெரு மட்டுமல்ல, கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டப் பக்கமும் இதே கதைதான். அந்தப் பேச்சில் தவறாமல் வரும் கேள்வி, "ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்பது. நியாயமான கேள்வி. ஆனால் கடை நடத்தும் நாம் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தப் பணத்தைக் கொடுப்பது யார்?

உச்சியில் இருப்பவர்களின் கணக்கு மலைக்க வைப்பதுதான். போர்மியுலா வன் ஓட்டுநர் மெக்ஸ் வெர்ஸ்டப்பன் 2024இல் சம்பளமும் ஊக்கத்தொகையுமாகச் சுமார் 75 மில்லியன் டொலர் பெற்றதாக போர்ப்ஸ் சஞ்சிகை மதிப்பிட்டது. 2021 முதல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு விதித்தார்கள். ஆனால் ஓட்டுநர் சம்பளத்தை அந்த வரம்புக்குள் சேர்க்கவில்லை. அதனால் டயருக்கும் உதிரிப்பாகத்துக்கும் கணக்குப் பார்க்கும் அணி, நட்சத்திர ஓட்டுநருக்கு அள்ளிக் கொடுக்கலாம். போட்டிகளில் சேரும் பரிசுப் பணம் அணிக்குத்தான் போகிறது. ஓட்டுநர் வாங்குவது ஒப்பந்தச் சம்பளம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முந்திய ஆண்டில் எடுத்த புள்ளிகளுக்கு ஏற்ப ஓட்டுநர் உரிமக் கட்டணமும் ஏறும். 2023இல் 575 புள்ளி எடுத்த வெர்ஸ்டப்பனுக்கு அடுத்த ஆண்டு உரிமம் மட்டும் ஒரு மில்லியன் யூரோவைத் தாண்டியது. நமது பிரதேச சபை உரிமக் கட்டணத்தைப் பற்றி முறையிடுவோர் இதையும் அறிந்துகொள்ளட்டும்.

அமெரிக்காவில் கதை வேறு. இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தின் பரிசுத் தொகையைப் பகிரங்கமாக அறிவிக்கிறார்கள். 2024இல் மொத்தப் பரிசு சுமார் 18.5 மில்லியன் டொலர். வென்ற ஜோசப் நியூகார்டனின் பெயரில் சுமார் 4.3 மில்லியன். அந்தப் பணமும் முழுதாக ஓட்டுநரின் பைக்குள் போவதில்லை. அணிக்கும் அவருக்கும் ஒப்பந்தப்படி பிரியும். நாஸ்கார் பந்தயத்தில் 2016 முதல் யாருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இனி உச்சிக்குக் கீழே வருவோம். போர்மியுலா வன்னுக்கு முந்திய படியான போர்மியுலா 2இல் ஒரு பருவம் ஓட இரண்டு மில்லியன் யூரோ அளவில் வேண்டும். அதைப் பெரும்பாலும் ஓட்டுநரின் தந்தையோ அனுசரணையாளரோ கட்டுகிறார். நீண்ட தூரக் கார்ப் பந்தயங்களில் வசதி படைத்த பொழுதுபோக்கு ஓட்டுநர் செலவை ஏற்பார். அவரோடு மாறி மாறி ஓட்டும் தொழில்முறை ஓட்டுநரின் சம்பளமும் அந்தப் பணத்திலிருந்துதான். நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் டுபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. அவரைப் பார்த்து அதைப் பிழைப்பாக எண்ணுபவர், அவரது வருமானம் சினிமாவிலிருந்து வருவது என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் மொழி பேசும் ஊர்களிலிருந்து போனவர்களில் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனின் கணக்கு மிகவும் பாடம் தருவது. 2005இல் ஜோர்டன் அணியில் சேர்ந்து இந்தியாவின் முதல் போர்மியுலா வன் ஓட்டுநரானார். டாட்டா போன்ற நிறுவனங்களின் அனுசரணை அவருக்குப் பின்னால் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காமிடம் பெற்று ஐந்து புள்ளி எடுத்தார். (டயர்ப் பிரச்சினையால் அன்று ஓடியவை ஆறு கார்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.) 2011இல் எச்.ஆர்.டி. என்ற சிறிய அணியில் மீண்டும் இடம் கிடைத்தது. பருவத்தின் நடுவிலேயே அந்த ஆசனம் ரெட் புல் நிறுவனத்தின் இளைஞர் டேனியல் ரிக்கார்டோவுக்குப் போனது. அதற்கு முந்திய ஆண்டு அதே அணியில் சென்னையின் கருண் சந்தோக்கும் பாதியில் இடம் இழந்திருந்தார். திறமைக்குறைவு என்று மட்டும் இதை வாசிப்பது தவறு. காசு தட்டுப்படும் அணியில் ஆசனமும் ஒரு விற்பனைச் சரக்கு. அந்த அணி 2012உடன் மூடப்பட்டது.

நரேன் பின்னர் ஜப்பான் சென்று, ஹொண்டா, டொயோட்டா போன்ற உற்பத்தியாளர்களே பந்தயத்தைத் தாங்கி நடத்தும் இடத்தில் 2019 வரை ஓடினார். அதன்பின் அவர் தொடங்கியது, பாவித்த மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கும் டிரைவ் எக்ஸ் நிறுவனம். 2022இல் டி.வி.எஸ். அதில் 48 வீதப் பங்கைச் சுமார் 85 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கியது. பாவித்த வாகன வியாபாரத்தில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய தொகை இதுதான்.

நமது நாட்டில் லம்போர்கினி பந்தயங்கள்வரை சென்ற திலந்த மாலகமுவ போன்ற ஒரு சிலரைத் தவிர்த்தால், ஓடுபவர் அநேகமாகச் சொந்தக் காசிலோ கராஜ் வருமானத்திலோதான் ஓடுகிறார். கடைக்காரரிடம் அனுசரணை கேட்டு வருவதும் அதனால்தான். கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அதை முதலீடு என்று ஏட்டில் எழுதாதீர்கள், விளம்பரச் செலவு என்று எழுதுங்கள். காரின் கதவில் உங்கள் பெயர் எத்தனை பந்தயங்களுக்கு இருக்கும், கார் ஓடாவிட்டால் பணம் என்னவாகும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் இடுங்கள். மகன் கடன் வாங்கி மோட்டார் சைக்கிளை மாற்றியமைக்கப் போகிறான் என்றால் தவணையை எந்த வருமானத்திலிருந்து கட்டுவான் என்று முதலில் கேளுங்கள்.

ஏற்பாட்டாளர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி பொக்ஸ் ஹில்லில் பாதையை விட்டு விலகிய கார் மோதி ஏழு பேர் இறந்தனர். எட்டு வயதுச் சிறுமியும் பாதையில் கடமை செய்த உதவியாளர்களும் அவர்களுள் அடங்குவர். ஆகவே காசோலை எழுதும் முன், பார்வையாளருக்கும் உதவியாளருக்கும் காப்புறுதி இருக்கிறதா, வேலி எங்கே போடப்படும் என்று கேட்டு, பதிலைக் கடிதமாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.