பழைய செயின் லோடர் வாங்கலாமா?

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் சுற்றுப்புறத்திலும், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கங்களிலும், விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் தோட்டம் அமைக்கும் தொழிலை நாடுவது வரவேற்கத்தக்கதே. நிலத்தைச் சமன் செய்தல், தென்னைக்கும் மாவுக்கும் குழி எடுத்தல், வரப்பு போடுதல், பஞ்சாலை வளாகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் புல்தரையும் நிழல் மரமும் அமைத்தல் ஆகிய வேலைகள் இத்தொழிலில் அடங்கும். இதில் இறங்குவோருக்கு முதலில் எழும் ஆசை, மண் அள்ளும் யந்திரம் ஒன்று சொந்தமாக வேண்டும் என்பதாகும். புதியது வாங்கக் கையில் பணம் போதாமையால் பழையதைத் தேடுகின்றனர். இதன் பொருட்டு வீட்டு நகையை அடகு வைப்போரும், நிலத்தின் பேரில் கடன் பெறுவோரும் உண்டு. அவ்வாறு வாங்கிய யந்திரம் கெட்டதாயின் நஷ்டம் யந்திரத்தோடு நில்லாது, நிலத்தையும் கொண்டுபோய்விடும். ஆகவே இவ்விஷயத்தில் எமது அபிப்பிராயத்தை ஒளிவின்றிக் கூறுவது கடமையாகிறது.

சிறிய லோடர் யந்திரம் பண்ணையில் பிறந்தது என்பதை நம்மவர் அறிதல் நலம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில், வான்கோழிக் கொட்டகையின் எருவை வாருவதற்காகக் கெல்லர் சகோதரர் இருவர் 1957-இல் மூன்று சக்கர லோடர் ஒன்றைச் செய்தனர். ‘பாப்கேட்’ என்று பெயர் பெற்ற வண்டிகள் அதன் வழி வந்தவையே. சக்கரத்திற்குப் பதிலாக ரப்பர்ப் பட்டையின் மேல் ஓடும் சிறு லோடரை ஜப்பானிய டாகேயுச்சி கம்பெனி 1986-இல் வெளியிட்டது. இவ்வகையையே நமது ஓட்டுநர்கள் ‘செயின் வண்டி’ என்றும், மற்றதை ‘டயர் வண்டி’ என்றும் வழங்குகின்றனர்.

இவ்விரண்டில் எது நமக்கு ஏற்றது? இதற்கு விடை கூற வேண்டியது விற்பனைக்காரர் அல்லர், மண்ணே.

ஆலங்குளத்தைச் சூழ்ந்துள்ளது பெரும்பாலும் கரிசல். 1970-இல் இங்கே சிமெண்டு ஆலை ஏற்பட்டதற்குக் காரணமான சுண்ணாம்புக்கல்லும் இப்பகுதி நிலத்தடியில் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் ஊறிப் பசை போலாகும். டயர் வண்டி அதில் இறங்கினால் புதைந்து நிற்கும். செயின் வண்டியின் கணக்கு வேறு. உதாரணமாக, 4,000 கிலோ எடையுள்ள வண்டியின் இரு பட்டைகளும் ஒவ்வொன்றும் 40 செ.மீ. அகலமும், தரையில் படியும் 150 செ.மீ. நீளமும் உடையவை என்று கொள்வோம். எடையைத் தாங்கும் பரப்பு 12,000 சதுர செ.மீ. ஆகிறது. ஒரு சதுர செ.மீ. மீது விழும் பாரம் ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்கே. ஆகவேதான் அது சேற்றில் அமிழாமல் செல்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தோப்புகளில் நிலைமை மாறும். அங்கே செம்மண்ணும் சரளையும் மிகுதி. கூரிய கற்கள் ரப்பர்ப் பட்டையை வெட்டும். சரளை உருளைகளுக்கிடையே புகுந்து அரைக்கும். ஆகையால், கரிசலில் லாபம் தரும் அதே வண்டி சரளை நிலத்தில் உடையவரின் பணத்தைத் தின்றுவிடும். வேலையில் பெரும்பகுதி எந்த மண்ணில் கிடைக்கும் என்பதை எண்ணிப் பாராமல் வண்டி தேடுவது, கிணற்றின் ஆழம் அறியாமல் மோட்டார் வாங்குவதை ஒக்கும்.

இனி, பழைய செயின் வண்டியைப் பார்க்கும் முறை. நம்மவர் முதலில் பார்ப்பது வர்ணத்தை. அடுத்தது மணிக்கணக்கு மீட்டரை. வர்ணம் புதிதாகப் பூசக்கூடியது, மீட்டரும் மாற்றக்கூடியதே. எமது கருத்தில் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது வண்டியின் அடிப்பாகம். பட்டையில் வெடிப்பு உண்டா, உள்ளிருக்கும் இரும்புக் கம்பி வெளியே தெரிகிறதா என்று நோக்குக. ஸ்பிராக்கெட்டின் பற்கள் கூர்மையாகிக் கொக்கி போல் வளைந்திருப்பின் தேய்மானம் முற்றிவிட்டது என்பது பொருள். ரோலர்களை ஒவ்வொன்றாகக் கவனித்து, ஆட்டமோ எண்ணெய்க் கசிவோ உண்டா என்று அறிக. ரப்பர்ப் பட்டை, மண்ணையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்து, ஏறத்தாழ 1,200 முதல் 1,600 மணி நேரம் உழைக்கும் என்பர். பட்டையும் ரோலரும் தேய்ந்த வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும், அவற்றை மாற்றும் செலவையும் கூட்டினால்தான் அதன் உண்மையான கிரயம் தெரியும்.

அடுத்தது என்ஜின். பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருத்தல் வேண்டும். முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்புக. நீலப் புகை நில்லாது வருமாயின் என்ஜின் ஆயிலை எரிக்கிறது. ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது. பின்னர் பக்கெட்டில் மண்ணேற்றி உயர்த்தி, அதன் அருகே எவரையும் நிற்கவிடாமல், சிறிது நேரம் அப்படியே வைத்திருக்கச் சொல்லுக. தானே இறங்குமாயின் ஹைட்ராலிக் பாகங்களில் கசிவு உண்டு. முன்னும் பின்னும் நேராக ஓட்டி, மேட்டிலும் ஏற்றிப் பார்க்கவும். ஒரு பக்கமாக இழுக்கும் வண்டியில், அப்பக்கத்து ஓட்ட மோட்டார் பலவீனமாயிருக்கலாம். பழைய முறை பம்பு உள்ள என்ஜினை உள்ளூர் மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிடுவார். மின்னணுக் கருவிகள் மிகுந்த புதிய என்ஜினுக்குக் கம்பெனி ஆள் வர வேண்டும். உதிரிப் பாகம் மதுரையிலாவது உடனே கிடைக்குமா என்று விசாரித்த பின்னரே விலை பேசுக.

பத்திரங்களில் அசட்டை கூடாது. டயர் வண்டியாயின் பதிவுச் சான்றைப் பார்த்து, 29, 30-ஆம் எண் படிவங்களிலும், கடன் இருந்திருப்பின் அது தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவத்திலும் கையொப்பம் பெறுக. வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு மனுச் செய்தல் வேண்டும். செயின் வண்டியாயின் முதல் விற்பனைச் சீட்டும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒத்திருக்க வேண்டும்; பதிவு தேவையா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிவது நன்று.

நிற்க. வண்டி நல்லதாயிருப்பின் வாங்கிவிடலாமா? அன்று. வேலையின் கணக்கையும் பார்க்க வேண்டும். 12 லட்சத்திற்கு வாங்கி, ஐந்து வருஷம் கழித்து 5 லட்சத்திற்கு விற்பதாக வைத்துக்கொண்டால், தேய்மானம் வருஷத்திற்கு 1,40,000 ரூபாய். சராசரி முதலாகிய எட்டரை லட்சத்திற்கு நூற்றுக்குப் பத்து வட்டி 85,000 ரூபாய். ஆக 2,25,000 ரூபாய். வருஷத்தில் 1,000 மணி வேலை இருந்தால் மணிக்கு 225 ரூபாய் விழும். 250 மணியே இருந்தால் 900 ரூபாய் விழும். டீசல், ஓட்டுநர் கூலி, பட்டை, பழுது ஆகியவை இதற்கு மேல். மேலும், செயின் வண்டி ஊருக்கு ஊர் சாலையில் ஓடிப்போகாது. லாரியில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும். அந்த வாடகையையும் மறக்கலாகாது.

தம் சொந்தத் தோப்பைத் திருத்த மட்டும் வேண்டுவோர் யந்திரம் வாங்கவே வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு வாடகைக்கு விடும் யந்திரங்களும், தனியார் வண்டிகளும் அவர்களுக்குப் போதும். தொழில் தொடங்குவோரும் முதல் வருஷம் வாடகை வண்டியைக் கொண்டே வேலை செய்து, எந்த மண்ணில் எத்தனை மணி வேலை கிடைத்தது என்று நோட்டில் எழுதி வருக. அந்த நோட்டைப் போன்ற ஆலோசகர் வேறில்லை.

சேற்றில் ஓடக்கூடிய வண்டி கிடைத்துவிட்டது என்பதற்காக ஈரக் கரிசலில் கண்டபடி ஓட்டுவதும் தகாது. ஈரத்தில் மிதிபட்ட கரிசல் இறுகிக் கட்டியாகும். பின்னர் உழவும் வேரும் எளிதில் இறங்கா. மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, வேலை முடிந்தபின் மீண்டும் மேலே பரப்புபவரே இத்தொழிலில் நற்பெயர் எடுப்பார். கண்மாய் வண்டலை அனுமதியின்றி அள்ளுதலும் கூடாது. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடங்களில், வனத்துறையிடம் விதிகளைக் கேட்டறியாமல் வேலை ஒப்புக்கொள்ளுதலும் கூடாது.

சுருங்கக் கூறின், கரிசலில் வேலை மிகுதியாயும், வருஷத்தில் ஏறத்தாழ ஆயிரம் மணி உழைப்பு நிச்சயமாயும், அடிப்பாகம் பாதி ஆயுளாவது மிஞ்சியதாயும் இருந்தால் பழைய செயின் லோடரைத் தைரியமாக வாங்கலாம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாடகை வண்டியே உத்தமம். கடனில் வாங்கிய யந்திரம் வேலையின்றி நிற்கும் நாட்களிலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்பதை வாங்குவோர் கையொப்பமிடுமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.